கதையும் கத்தரிக்கோலும்: சபையில் ஒரு குடும்பப் பிற்பகலை நடத்துவது எப்படி

"பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யணும், நீங்களே பொறுப்பெடுங்களேன்" என்று போதகர் கேட்டதும், பலர் முதலில் யூடியூபைத் திறந்து கைவேலைகளைத் தேடத் தொடங்குவார்கள். காகிதத் தட்டில் சிங்கம், ஐஸ் குச்சியில் சிலுவை, பஞ்சு ஒட்டிய ஆடு என்று ஒரு பட்டியல் சேர்ந்துவிடும். அதற்கப்புறம் அவற்றுக்கு ஒத்துப்போகிற கதை ஒன்றைத் தேடுவார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. முதலில் கதை. அடுத்து, அந்தக் கதையில் யாரோ ஒருவர் கையால் செய்த காரியம். அதைப் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து செய்துபார்க்கிற மாதிரியான வேலை கடைசியில்தான் வரும்.

இந்தப் பிற்பகல் ஞாயிறு பள்ளியின் இன்னொரு பதிப்பு என்று யாராவது நினைத்தால், ஆரம்பத்திலேயே திருத்திவிடுங்கள். 1780-ல் இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோது, வார நாட்களில் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு வேதாகமத்தைக் கொண்டு வாசிக்கக் கற்றுக்கொடுக்கிற பள்ளியாகத்தான் அது இருந்தது. இன்றும் அங்கே பிள்ளை உள்ளே, பெற்றோர் வெளியே. குடும்பப் பிற்பகலில் எல்லோரும் உள்ளேதான். 2004-ல் போர்ட்ஸ்மவுத் அருகே கௌப்ளெயின் என்ற ஊரில் லூசி மூரும் அவருடைய சபையாரும் தொடங்கிய 'மெஸ்ஸி சர்ச்' இந்த வடிவத்தைப் பல நாடுகளுக்கும் கொண்டுபோனது. வரவேற்பு, கைவேலை, சிறிய ஆராதனை, சேர்ந்து சாப்பிடுவது, அவ்வளவுதான் அதன் அமைப்பு. அந்தப் பெயரும் முத்திரையும் உங்களுக்குத் தேவையில்லை. வடிவம் போதும்.

எந்தக் கதை?

முதல் தடவைக்கு, யாராவது எதையாவது செய்கிற கதையாகப் பாருங்கள். ஏறுவது, கட்டுவது, இறக்குவது, தேடுவது, பங்கிடுவது. சகேயு காட்டத்தி மரத்தில் ஏறுகிறான் (லூக்கா 19). மேய்ப்பன் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போகிறான் (லூக்கா 15). ஒரு பையன் ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொடுக்கிறான், மீந்தது பன்னிரண்டு கூடை (யோவான் 6). உவமையின் விளக்கங்களும் நிருபங்களின் போதனைகளும் நல்லவைதான், ஆனால் ஆறு வயதுப் பிள்ளையின் கைக்கு அவற்றில் பிடிமானம் குறைவு.

பலர் தொடாமலே விடுகிற ஒரு கதை இந்தப் பிற்பகலுக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது: நெகேமியா எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, திரும்பக் கட்டியது. மூன்றாம் அதிகாரத்தைத் திறந்தால் பெயர்ப் பட்டியல்தான் தெரியும், சலிப்பாக இருக்கும். நிதானமாகப் படியுங்கள். யார் எந்தப் பங்கைக் கட்டினார்கள் என்ற கணக்கு அது. தட்டார்கள் ஒரு பங்கு, தைலக்காரன் ஒரு பங்கு, தன் வீட்டுக்கு எதிரே உள்ள பங்கை ஒருவன், பன்னிரண்டாம் வசனத்தில் சல்லூம் என்பவனும் அவன் குமாரத்திகளும். வேலை முடிய 52 நாள் ஆனது என்று ஆறாம் அதிகாரம் சொல்கிறது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துக் கல் மாதிரி வண்ணம் தீட்டி, குடும்பத்தின் பெயரை எழுதி, மண்டபத்தின் குறுக்கே அடுக்கிக்கொண்டே வரட்டும். கதைநேரம் வரும்போது அலங்கம் நின்றிருக்கும். தங்கள் பெட்டி எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் தேடுவார்கள். கதை சொல்பவருக்கு அதற்கு மேல் முன்னுரை வேண்டாம்.

அளவுகளும் உதவும். கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும் என்று 1 சாமுவேல் 17 சொல்கிறது. முழத்துக்குச் சுமார் 45 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 2.9 மீட்டர். சுவரில் காகிதச் சுருளை ஒட்டி அந்த உயரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். அப்பாக்கள் முதலில் போய் நிற்பார்கள். நோவாவின் பேழை 300 முழ நீளம், அதாவது சுமார் 135 மீட்டர். வெளியே இடமிருந்தால் கயிற்றால் அளந்துகாட்டுங்கள்.

நோவாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விலங்குப் பொம்மைகளுக்கு வசதியான கதை என்பதால் எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒன்று நிச்சயம் கேட்கும்: "பேழையில ஏறாதவங்க என்ன ஆனாங்க?" அதற்கு நேர்மையாக என்ன சொல்வீர்கள் என்று குழுவில் பேசி முடிவெடுத்த பிறகு அந்தக் கதைக்குப் போங்கள். வானவில்லை மட்டும் காட்டி நழுவினால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கைவேலைக்கு ஒரு சோதனை

ஒவ்வொரு யோசனையையும் இப்படிச் சோதியுங்கள்: இதைச் செய்து முடித்த பிள்ளை, வீட்டுக்குப் போய் இதைக் கையில் வைத்துக்கொண்டு கதையைத் திரும்பச் சொல்ல முடியுமா? பஞ்சு ஒட்டிய ஆட்டை வைத்துக்கொண்டு சொல்வதற்கு ஒன்றுமில்லை. அதே ஆட்டை அறையின் எங்கோ ஒளித்துவைத்து, குடும்பம் தேடிக் கண்டுபிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தால் கதை அதற்குள் வந்துவிட்டது.

மாற்கு 2-ஐ எடுத்துக்கொண்டு ஒரு மேசையை முழுதாகப் பார்ப்போம். கப்பர்நகூமில் ஒரு வீடு, உள்ளே இயேசு, வாசல்வரை கூட்டம். நடக்க முடியாத திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வருகிறார்கள், உள்ளே போக வழியில்லை, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். மத்தேயுவிலும் இந்தச் சம்பவம் உண்டு, ஆனால் கூரை இல்லை. லூக்கா ஓடுகளைச் சொல்கிறார், எத்தனை பேர் என்று சொல்லவில்லை. நால்வர் என்ற எண்ணிக்கை மாற்குவிடம் மட்டும்தான் இருக்கிறது, நம் கைவேலைக்கு அது வேண்டும்.

தேவையானவை: ஒரு காலணிப் பெட்டி, 10-க்கு 6 சென்டிமீட்டர் அளவில் கெட்டித் துணித் துண்டு, தலா 40 சென்டிமீட்டரில் நான்கு நூல்கள், துணி மாட்டும் மரக் கிளிப் ஒன்று. கிளிப்பில் முகம் வரைந்தால் அவன்தான் படுத்திருப்பவன். பெட்டியின் மூடிதான் கூரை. அதில் துணியைவிடச் சற்றுப் பெரிய சதுரம் வெட்ட வேண்டும். அட்டை தடிமனாக இருந்தால் பெரியவர் வெட்டட்டும், பிள்ளை கோடு போடட்டும். துணியின் நான்கு மூலையிலும் துளையிட்டு நூலை முடிச்சுப் போடுங்கள். பசை வேண்டாம், கனம் தாங்காது.

இப்போது நான்கு கைகள் வேண்டும். அம்மாவிடம் ஒரு நூல், அப்பாவிடமோ பாட்டியிடமோ ஒன்று, பிள்ளைகளிடம் இரண்டு. ஆள் குறைந்தால் பக்கத்துக் குடும்பத்தை அழைத்தாக வேண்டும், அதுவும் நல்லதுதான். சிறியவன் அவசரப்பட்டு நூலை விடுவான், படுக்கை ஒரு பக்கம் சாயும், கிளிப் மனிதன் தலைகுப்புற விழுவான். சிரிப்பு அடங்கியதும் யாராவது ஒருவர், பெரும்பாலும் மூத்த பிள்ளை, "எல்லாரும் ஒண்ணா, மெதுவா" என்று சொல்லத் தொடங்குவார். மேசைப் பொறுப்பாளர் அங்கே பாடம் எதுவும் எடுக்கக் கூடாது. "அன்னைக்கு மேலேயிருந்து இறக்கினது நிஜ ஆளு" என்று ஒரு வரி சொன்னால் போதும்.

முப்பது பிள்ளைகள் வருவார்கள் என்றால் ஐந்தாறு மேசைகள் போதும். எல்லா மேசையிலும் பசையும் வண்ணமும் இருந்தால் பாதிப் பேருக்கு அலுத்துவிடும். ஒன்று நடக்கப் பழகும் சின்னஞ்சிறுசுகளுக்கு, கையளவு பெரிய பொருட்களோடு. ஒன்று வளர்ந்த பிள்ளைகளுக்கு, மரத்துண்டு, சுத்தியல், கயிறு, முடிச்சு மாதிரி கொஞ்சம் சவாலாக. ஒன்று கை முழுக்க அழுக்காகிறது. ஒன்று எல்லோரும் சேர்ந்து செய்யும் பெரிய வேலை. மூலையில் ஒரு பாயும் சில படப் புத்தகங்களும் உள்ள அமைதியான இடம் கட்டாயம் வேண்டும், சத்தம் தாங்காத பிள்ளை எந்தக் கூட்டத்திலும் ஒன்றாவது இருக்கும். பசை விரலில் பட்டாலே அழும் பிள்ளைக்குத் தூரிகையோ பசைக் குச்சியோ கையில் கொடுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

ஒவ்வொரு வேலையையும் பொறுப்பாளர் முன்கூட்டியே வீட்டில் செய்துபார்த்திருக்க வேண்டும், அதுவும் இடது கையால். பெரியவருக்கு ஐந்து நிமிடம் ஆகிற வேலை ஐந்து வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு ஆகும் என்பது அப்போதுதான் புரியும். வெள்ளைப் பசை காய அரை மணி நேரமாவது எடுக்கும் என்பதால் ஒட்டும் வேலை முதலில், வண்ணம் பிறகு. உப்பு மாவு பிசைவதானால் இரண்டு கப் மைதாவுக்கு ஒரு கப் உப்பு, ஒரு கப் தண்ணீர். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மினுமினுப்புத் தூள் வேண்டவே வேண்டாம், அடுத்த ஆண்டும் பெஞ்சுகளில் கிடக்கும்.

மாதிரியை மேசையில் வைக்கலாமா? எப்படிச் செய்வது என்று காட்ட ஒன்று வைக்கலாம், அதுவும் கொஞ்சம் கோணலாக இருப்பது நல்லது. கச்சிதமான மாதிரி இருந்தால், பிள்ளையின் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கி அம்மாவே வெட்ட ஆரம்பிப்பார்.

"இதெல்லாம் நேரப்போக்கு, வசனம் சொல்லிக்கொடுங்க" என்று சபைப் பெரியவர் யாராவது முகம் சுளித்தால், யாத்திராகமம் 31-ஐத் திறந்து காட்டுங்கள். தேவ ஆவியால் நிரப்பப்பட்டதாக அங்கே பெசலெயேலைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. அவன் பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்கிற கைத்தொழிலாளி.

அறையும் நேரமும்

சுவரோரம் வரிசையாகக் கிடக்கும் நாற்காலிகளை முந்தின நாளே அகற்றிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு யோசனையை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலி சுவரோரம் இருந்தால் பெற்றோர் அங்கே உட்கார்ந்து போனை எடுப்பார்கள், அது அவர்கள் குற்றமில்லை. நாற்காலி மேசையைச் சுற்றி மட்டும் இருக்கட்டும். பிள்ளைக்கு ஒன்று, பக்கத்திலேயே பெரியவருக்கு ஒன்று.

இரண்டு மணி நேரம் போதும். மூன்று மணிக்குத் தொடங்கினால் முதல் பதினைந்து நிமிடம் வருகை, பெயர் எழுதுவது, பெயர்ச்சீட்டு. பெரியவர்களுக்கும் பெயர்ச்சீட்டு உண்டு. நான்கு மணிவரை கைவேலை. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒருவர் மேசை மேசையாகப் போய்ச் சொல்லட்டும், மைக்கில் கத்தினால் யாரும் கேட்க மாட்டார்கள். நான்கேகால்வரை கை கழுவுதலும் இடம் மாறுவதும். இதற்குப் பதினைந்து நிமிடமா என்று தோன்றும், ஆகும். நாலரைவரை பாட்டு, கதை, ஜெபம். மிச்ச அரை மணி நேரம் சாப்பாடு.

அழைப்பிலேயே இது சபை நடத்தும் நிகழ்ச்சி, வேதாகமக் கதையும் ஜெபமும் இருக்கும் என்று எழுதிவிடுங்கள். விசுவாசம் இல்லாத குடும்பங்களும் வேறு மதத்தவரும் கைவேலைக்காக வருவார்கள், வரட்டும். வந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பிரசங்கம் செய்தால் அடுத்த முறை வர மாட்டார்கள், மற்றவர்களையும் வரவிட மாட்டார்கள். பிள்ளைகள் பெரியவர் துணையோடுதான் வர வேண்டும் என்பதையும் அதே அழைப்பில் சேர்த்துவிட்டால், வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டுக் கிளம்பும் பெற்றோரோடு வாக்குவாதம் வராது.

பாதுகாப்பு

பெற்றோர் கூடவே இருந்தாலும் இதில் சலுகை கிடையாது. உதவியாளர் எல்லோரும் சபைக்குத் தெரிந்தவர்களாகவும், உங்கள் நாட்டின் சட்டம் கேட்கிற பின்னணிச் சோதனையை முடித்தவர்களாகவும் இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, அது போதகரானாலும் சரி. கழிவறைக்குப் பெற்றோர்தான் அழைத்துப்போக வேண்டும். பிள்ளைகளைத் தனியாகப் பிரிக்கிற வேளை ஏதாவது வந்தால், பிரிட்டனின் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பான என்.எஸ்.பி.சி.சி. பரிந்துரைக்கும் அளவைக் கணக்கில் வையுங்கள்: நான்கு முதல் எட்டு வயதுவரை ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், ஒன்பது முதல் பன்னிரண்டுவரை எட்டுப் பேருக்கு ஒருவர். உங்கள் நாட்டு விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதன்படி போங்கள். கூட்டம் எவ்வளவு சிறிதானாலும் இரண்டு பெரியவர்களுக்குக் குறையக் கூடாது.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் மணி, பொத்தான், ஒட்டும் கண்கள் எல்லாவற்றையும் கழிவறைக் காகிதச் சுருளின் உள்ளட்டைக் குழாயில் போட்டுப் பாருங்கள். உள்ளே நுழைகிற எதுவும் தொண்டையில் சிக்கலாம், அந்த மேசைக்கு அது வேண்டாம். சூடான பசைத் துப்பாக்கியும் கூர்கத்தியும் பொறுப்பாளர் கையில் மட்டும். படம் எடுப்பதற்குப் பெயர் எழுதும் இடத்திலேயே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வேண்டாம் என்றவர்களின் பெயர்ச்சீட்டில் ஒரு வண்ணப் புள்ளி இட்டால் படமெடுப்பவருக்குத் தெரியும்.

கதை சொல்லும் பத்து நிமிடம்

கைவேலைக்கு வாரக்கணக்கில் தயாராகிற குழு, கதையை அன்று காலையில்தான் புரட்டிப்பார்க்கும். பிற்பகல் தொய்வது பெரும்பாலும் இதனால்தான். கதை சொல்பவருக்கு மேசைப் பொறுப்பு எதுவும் கொடுக்காதீர்கள். அவருக்கு அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான் வேலை.

படிக்காதீர்கள், சொல்லுங்கள். முதல் வரியும் கடைசி வரியும் மனப்பாடமாக இருக்கட்டும், இடையில் உள்ளது காட்சி காட்சியாக மனதில் இருந்தால் போதும். மாற்கு 2-க்குத் தரையில் ஒட்டுப்பட்டையால் ஒரு சிறிய சதுரம் போட்டு, பிள்ளைகளை அதற்குள் நெருக்கி நிற்கச் சொல்லுங்கள். அதுதான் வீடு. "இன்னும் ரெண்டு பேர் வராங்க, கொஞ்சம் தள்ளுங்க" என்று இரண்டு பெரியவர்களையும் உள்ளே அனுப்புங்கள். பின்னால் நிற்கும் உதவியாளர் ஒரு அட்டையைக் கரண்டியால் சுரண்டத் தொடங்குவார். நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பாருங்கள். எல்லாத் தலையும் மேலே திரும்பும்.

இயேசு முதலில் "உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டது" என்கிறார், "எழுந்திரு" என்பது பிறகுதான். பிள்ளைகளுக்குப் புரியாது என்று நினைத்து முதல் பாதியை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. வெட்டினால் சுற்றியிருந்த வேதபாரகர் (யூத வேத அறிஞர்கள்) ஏன் கோபப்பட்டார்கள் என்பதே விளங்காமல் போகும், கதை வெறும் வித்தையாகச் சுருங்கிவிடும். அந்த வாக்கியத்தைச் சொல்லி ஒரு கணம் நிறுத்துங்கள். விளக்கம் வேண்டாம்.

முடித்ததும் "அதனால நாமளும்..." என்று ஆரம்பிக்காதீர்கள். நாக்கு நுனிவரை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாகக் கேள்வி கேளுங்கள். காட்லி ப்ளே என்ற கதைமுறையை உருவாக்கிய ஜெரோம் பெரிமன், விடை முன்பே தீர்மானமாகாத கேள்விகளைத்தான் கதைக்குப் பிறகு வைத்தார். இந்தக் கதையில் உனக்கு ரொம்பப் பிடித்த இடம் எது? நீ அங்கே இருந்திருந்தால் எங்கே நின்றிருப்பாய்? பெரியவர்களும் பதில் சொல்லட்டும். "நான் வாசல்ல வழிவிடாம நின்ன கூட்டத்துலதான் இருந்திருப்பேன்" என்று ஒரு தந்தை சொல்வதைப் பிள்ளை கேட்பது பிரசங்கத்தால் வராது.

எதிர்பாராத கேள்வியும் வரும். "அந்த வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துத் திட்டலையா?" நியாயமான கேள்வி. "அதைப் பத்தி மாற்கு எழுதலை. நீ என்ன நினைக்கிறே?" என்று திருப்பிக் கேளுங்கள். இல்லாத பதிலை நீங்களாக உருவாக்கிச் சொன்னால், அதுவும் வேதாகமத்தில் இருப்பதாகப் பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

ஜெபம் நான்கைந்து வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, தூக்கிவிட ஆள் தேவைப்படுகிற ஒருவரின் பெயரை மனதில் சொல்லச் சொல்லலாம். கண்ணை மூட மறுக்கும் பிள்ளையை விட்டுவிடுங்கள்.

சாப்பாடும் அதற்குப் பிறகும்

எளிய சாப்பாடே போதும், ஆனால் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பொட்டலம் கட்டி வாசலில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் மண்டபம் காலியாகிவிடும். கைவேலையின்போது பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு குடும்பங்கள் பேசத் தொடங்குவது இந்த அரை மணி நேரத்தில்தான். கொட்டை வகைகள், பால், முட்டை, கோதுமை ஒவ்வாமையைப் பெயர் எழுதும்போதே கேட்டு, சமைப்பவர் கையில் அந்தப் பட்டியலைக் கொடுங்கள். குழுவினர் தங்களுக்குள் கூடி ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது, மேசைக்கு ஒருவராகப் பிரிந்து உட்காருங்கள்.

கிளம்பும்போது கைவேலையோடு, அந்த வேதபகுதி எது என்று எழுதிய சிறிய சீட்டும் வீட்டில் கேட்க ஒரு கேள்வியும் போகட்டும். அடுத்த பிற்பகலின் தேதியும் அதே சீட்டில் இருக்க வேண்டும். மாதம் ஒன்று நடத்த ஆள் இல்லையென்றால் இரண்டு மாதத்துக்கு ஒன்று போதும். மாதாமாதம் என்று அறிவித்துவிட்டு இடையில் விடுவதைவிட இது நல்லது.

சுத்தம் செய்தபின் குழு கலைவதற்கு முன் பத்து நிமிடம் உட்காருங்கள். எந்த மேசையில் பெரியவர்கள் எழுந்து போனார்கள், எங்கே பொருள் தீர்ந்தது, எந்தப் பிள்ளை தனியாக நின்றது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மிஞ்சிய பொருட்களை மேசைவாரியாகப் பெட்டியில் போட்டு, என்ன குறைகிறது என்பதை மூடியின் மேலேயே எழுதிவிட்டால், அடுத்த முறை கடைக்குப் போகிறவர் பெட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை.